சிறந்த படம் ஏன் தோற்றது?

சென்ற தீபாவளியன்று ஈசூனில் வசிக்கும் என் மாமாவின் வீட்டிற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அவருடைய வரவேற்பறையில் ஒரு பழைய தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் அதைப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். “தாத்தா, இது ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது? பின்புறம் தொட்டால் சூடாகவும் இருக்கிறதே! புதியது ஒன்று வாங்கக்கூடாதா?” என்று கேட்டான்.

மாமா சிரித்தார். “முதலில் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார். பிறகு பேசலாம்” என்றார். அப்போது திரையில் ஒரு திரைப்படத்தின் இரவுக் காட்சி வந்தது. கடற்கரையில் ஒருவர் கையில் விளக்குடன் நடந்து செல்கிறார். வானம் கறுப்பு, கடல் கறுப்பு, அந்த விளக்கு மட்டும் ஒளிர்கிறது. திரை எங்கே முடிகிறது, அறையின் இருள் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. என் மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாமும் இப்படி ஒன்று வாங்கலாமா?” என்று என்னிடம் கேட்டான். “வாங்க முடியாது. இதை இப்போது கடைகளில் விற்பதில்லை” என்றேன். “இவ்வளவு நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் விற்பதில்லை?” என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தரமான பொருள் நிலைத்து நிற்கும், தரம் குறைந்த பொருள் தானாகவே மறைந்துவிடும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். பிளாஸ்மா தொலைக்காட்சியின் கதை அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. என் கருத்து இதுதான்: பிளாஸ்மா படத்தின் தரத்தில் தோற்கவில்லை. அதன் தோல்விக்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. ஆனால், அதை நாம் எங்கே பார்த்தோம், எப்படி மதிப்பிட்டோம் என்பதும் அத்தோல்விக்கு ஒரு பெரிய காரணமாகும்.

பிளாஸ்மா திரை முதன்முதலில் வீட்டிற்காக உருவாக்கப்படவில்லை, மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. 1960களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற பெயரில் ஒரு கணினிவழிக் கற்றல் திட்டம் நடைபெற்றது. அக்காலத்துத் திரைகளில் ஒரு படத்தைத் தொடர்ந்து காட்ட வேண்டுமானால், கணினி அதை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தேவைப்பட்ட கணினி நினைவகத்தின் விலை மிக அதிகம். இச்சிக்கலைத் தீர்க்கப் பேராசிரியர்கள் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ ஆகிய இருவரும், ராபர்ட் வில்சன் என்ற ஆய்வு மாணவரும் சேர்ந்து 1964ஆம் ஆண்டில் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தனர். ஒருமுறை ஒளியேற்றப்பட்ட புள்ளி, அணைக்கப்படும்வரை தானாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பது அத்திரையின் சிறப்பு.

1970களில் அத்திட்டத்தில் படித்த மாணவர்கள், செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்த பிளாஸ்மா திரைகளை விரலால் தொட்டே விடையளித்தார்கள். கைப்பேசியைத் தொட்டு இயக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அம்மூவரின் கண்டுபிடிப்புக்காக 2002ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் ‘எம்மி’ தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

இனி, பிளாஸ்மா திரை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். குழல்விளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே இருக்கும் வாயுவில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் தோன்றுகின்றன. குழலின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருள் அக்கதிர்களை நாம் காணும் ஒளியாக மாற்றுகிறது. இத்தகைய விளக்கை ஊசிமுனை அளவுக்குச் சுருக்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுவே பிளாஸ்மா திரையின் ஓர் அறை. அதற்குள் நியான், செனான் போன்ற வாயுக்கள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற அறைகள் சேர்ந்தால் ஒரு படப்புள்ளி. முழு உயர்தெளிவுத் திரை ஒன்றில் 6 மில்லியனுக்கும் அதிகமான அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் தானே ஒளிவிடும்; தானே அணையும்.

எல்சிடி திரையின் இயக்கம் முற்றிலும் வேறானது. ‘எல்சிடி’ என்பது நீர்மப் படிகத் திரையைக் குறிக்கும் சுருக்கப்பெயர். நீர்மத்தைப்போல் ஓடக்கூடியதாகவும் படிகத்தைப்போல் ஒழுங்கான அமைப்புடையதாகவும் இருக்கும் விந்தையான பொருளே நீர்மப் படிகம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் 1888ஆம் ஆண்டில் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராய்ந்தபோது இத்தன்மையைக் கண்டார். இப்பொருள் தானாக ஒளிவிடாது. மின்சாரத்திற்கு ஏற்பத் திசை மாறி, தன் வழியே வரும் ஒளியை விடவோ தடுக்கவோ மட்டுமே அதனால் முடியும். ஆகவே, எல்சிடி தொலைக்காட்சியின் பின்புறத்தில் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

பழைய அடுக்குமாடி வீடுகளின் சமையலறையில் கண்ணாடிப் பட்டைகளை ஏற்றி இறக்கும் சன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். அப்பட்டைகள் கண்ணாடியாக அல்லாமல் பலகையாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றை இறுக மூடினாலும் இடுக்குகளின் வழியாக வெளிச்சம் சிறிது கசியத்தான் செய்யும். எல்சிடி திரையின் நிலையும் ஏறத்தாழ இதுதான். கறுப்பு நிறத்தைக் காட்ட வேண்டிய இடத்திலும் பின்விளக்கின் ஒளி சிறிது கசிகிறது. அதனால் கறுப்பு, கருஞ்சாம்பல் நிறமாகத் தெரிகிறது. பிளாஸ்மாவில் பின்விளக்கே இல்லாததால் இக்குறை மிகக் குறைவு. என் மகன் அன்று கண்ட கடற்கரை இருளின் இரகசியம் இதுவே.

வேறு இரண்டு வகையிலும் பிளாஸ்மா முன்னிலையில் இருந்தது. முதலாவது, பார்க்கும் கோணம். பண்டிகை நாளில் உறவினர்கள் கூடும்போது எல்லாரும் திரைக்கு நேரெதிரே அமர முடியாது. சிலர் நாற்காலியில் ஓரமாக இருப்பார்கள். சிறுவர்கள் தரையில் இருப்பார்கள். பிளாஸ்மா திரையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. அக்காலத்து எல்சிடி திரைகள் பலவற்றில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். இரண்டாவது, வேகமான அசைவு. காற்பந்தாட்டத்தில் பந்து பறக்கும்போது எல்சிடி திரையில் அது மங்கி இழுபடுவதுபோல் தெரிந்தது. நீர்மப் படிகம் திசை மாறச் சற்று நேரம் எடுத்துக்கொண்டதே அதற்கு ஒரு காரணம். பிளாஸ்மாவில் அந்த இழுபறி பெரிதாகத் தெரியவில்லை.

இத்தகைய சிறப்புகளால்தான் பிளாஸ்மா ஒரு காலத்தில் செல்வத்தின் அடையாளமாக விளங்கியது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வைக்கப்பட்ட 42 அங்குலத் திரையின் விலை ஏறக்குறைய 15,000 அமெரிக்க டாலர். அடுத்த பத்து ஆண்டுகளில் விலை வெகுவாகக் குறைந்தது. சிறிய திரை வேண்டுமானால் எல்சிடி, பெரிய திரை வேண்டுமானால் பிளாஸ்மா என்பது பலரின் எண்ணமாக இருந்தது. 2007ஆம் ஆண்டில் பயனியர் நிறுவனம் ‘குரோ’ என்ற பிளாஸ்மா வரிசையை வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் ‘குரோ’ என்றால் கறுப்பு என்று பொருள். தன் திரை காட்டும் கறுப்பு நிறத்தையே ஒரு நிறுவனம் பெருமையுடன் பெயராக வைத்தது. 2008ஆம் ஆண்டில் பானாசோனிக் நிறுவனம் 150 அங்குலப் பிளாஸ்மா திரையைக் கண்காட்சியில் வைத்து உலகை வியக்க வைத்தது.

ஆனால், உச்சத்திற்குச் சென்ற வேகத்திலேயே சரிவும் வந்தது. வல்லுநர்களின் பாராட்டைப் பெற்ற ‘குரோ’வை வெளியிட்ட இரண்டே ஆண்டுகளில், 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொலைக்காட்சித் தொழிலிலிருந்து விலகுவதாகப் பயனியர் அறிவித்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் பானாசோனிக் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. 2014ஆம் ஆண்டில் சாம்சுங், எல்ஜி ஆகிய தென்கொரிய நிறுவனங்களும் அதே முடிவை எடுத்தன. கண்டுபிடிக்கப்பட்டு 50 ஆண்டுகள் நிறைவடைந்த அதே ஆண்டில் பிளாஸ்மாவின் காலம் முடிவுக்கு வந்தது.

இதற்கான காரணங்களை நடுநிலையோடு ஆராய வேண்டும். பிளாஸ்மாவுக்கு உண்மையான குறைகள் இருந்தன. அது எடை மிகுந்தது. சுவரில் மாட்ட இருவராவது வேண்டும். அது அதிக மின்சாரத்தை உட்கொண்டது. அதனால் வெப்பத்தையும் வெளியிட்டது. ஒளி மிகுந்த காட்சிகளில் இச்செலவு இன்னும் கூடியது. நம்மைப் போன்ற வெப்பமான நாட்டில், குளிர்சாதனக் கருவி ஒரு பக்கம் அறையைக் குளிர்விக்க, தொலைக்காட்சி மறுபக்கம் சூடேற்றுவது எவ்வளவு வீண்! அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் தொலைக்காட்சிகளின் மின்பயன்பாட்டிற்கு 2009ஆம் ஆண்டில் வரம்பு விதித்தது. சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டுமுதல் தொலைக்காட்சிகளிலும் மின்சக்திச் சிக்கன முத்திரை இடம்பெற வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் விதித்தது. எத்தனை ‘டிக்’ குறிகள் உள்ளன என்று பார்த்து வாங்குபவர்களுக்கு எல்சிடியே ஏற்றதாகத் தெரிந்தது. இதில் தவறில்லை.

மற்றொரு குறையும் உண்டு. ஒரே படம் திரையில் நீண்ட நேரம் அசையாமல் நின்றால், அதன் நிழல் பிளாஸ்மா திரையில் பதிந்துவிடக்கூடும். ஒளிவழியின் சின்னம் திரையின் மூலையில் நிலையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அது அப்படியே தங்கிவிடுமோ என்று மக்கள் அஞ்சினார்கள். பின்னாளில் வந்த பிளாஸ்மா திரைகளில் இக்குறை பெரிதும் குறைக்கப்பட்டது. ஆனால், ஒருமுறை வந்த கெட்ட பெயர் எளிதில் போகவில்லை.

உற்பத்தியிலும் எல்சிடிக்கு ஒரு பெரிய வலிமை இருந்தது. அதை எந்த அளவிலும் செய்ய முடியும். கணிப்பான், கைக்கடிகாரம், கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி என எங்கும் அது பயன்பட்டது. ஒன்றில் கற்றுக்கொண்ட நுட்பம் மற்றொன்றுக்கு உதவியது. உற்பத்தி பெருகப் பெருக விலை குறைந்தது. பிளாஸ்மாவோ பெரிய திரைகளுக்கு மட்டுமே உரியது. வாயு நிரம்பிய அறைகளை ஓர் அளவுக்கு மேல் சிறிதாக்குவது கடினம். முழு உயர்தெளிவைவிட நான்கு மடங்கு படப்புள்ளிகள் கொண்ட ‘4கே’ திரைகள் சந்தைக்கு வந்தபோது, பிளாஸ்மாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு துறையில் மட்டும் சிறந்தவனைவிடப் பல துறைகளில் ஓரளவு திறமை பெற்றவன் எளிதில் நிலைத்துவிடுவதைப்போல் இதையும் கொள்ளலாம்.

இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆயினும், எனக்கு ஏற்புடையதாகத் தோன்றாத காரணம் ஒன்றும் உண்டு. அது கடைக்குள் நடந்தது. மின்பொருள் கடைகளில் கூரை முழுவதும் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் வரிசையாகத் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்மாவின் கண்ணாடி முகப்பு அவ்விளக்குகளைப் பிரதிபலித்தது. திரை முழுவதும் ஒளி மிகுந்த காட்சி வரும்போது, மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அது தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளவும் செய்தது. அதன் அருகில் இருந்த எல்சிடி திரையோ பளிச்சென்று மின்னியது. அந்த வெளிச்சத்தில் கறுப்பின் ஆழத்தை யாரால் ஒப்பிட முடியும்? சில நிமிடங்களே நின்று பார்க்கும் வாடிக்கையாளரின் கண், பளிச்சென்று தெரிந்ததையே நல்லது என்று முடிவு செய்தது.

பெயரும் நம்மை மயக்கியது. எல்சிடி திரையின் பின்விளக்காக முன்பு மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. பிறகு அவற்றிற்குப் பதிலாக ‘எல்இடி’ எனப்படும் சிறு விளக்குகள் வந்தன. மின்செலவு குறைந்தது, திரை மெலிந்தது. இது நல்ல முன்னேற்றமே. ஆனால், கடைகளில் அதற்கு ‘எல்இடி தொலைக்காட்சி’ என்று பெயர் சூட்டினார்கள். அது முற்றிலும் புதிய வகைத் திரை என்று பலர் எண்ணிவிட்டார்கள். உண்மையில் அதுவும் எல்சிடிதான்; பின்னால் இருந்த விளக்கு மட்டுமே மாறியது. ‘பிளாஸ்மா பழையது, எல்இடி புதியது’ என்ற எண்ணம் பரவிய பிறகு, எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பலருக்குத் தோன்றவில்லை.

“மக்கள் எதை வாங்கினார்களோ அதுவே சிறந்தது, சந்தையின் தீர்ப்பைக் குறை கூறுவதில் பயனில்லை” என்று சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பகல் நேரத்தில் வெயில் படும் வரவேற்பறையில் செய்தி பார்ப்பவருக்கு எல்சிடியே பொருத்தமானது. அவர் ஏமாந்துவிட்டார் என்று யாரும் கூற முடியாது. ஆனால், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத்தான் சந்தை கணக்கிடும். எதைப் பார்த்து வாங்கினார்கள் என்பதை அது கேட்காது. அது மட்டுமன்று. போதுமான பேர் வாங்காவிட்டால் தொழிற்சாலை மூடப்படும். பிறகு அப்பொருளை விரும்பியவர்களுக்கும் அது கிடைக்காது. நாம் ஒரு பொருளை வாங்கும்போது நமக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. நாளைக்குக் கடையில் எது இருக்கும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். அதனால்தான் இந்தக் கதை வெறும் தொலைக்காட்சியைப் பற்றியதன்று என்று நான் கருதுகிறேன்.

பிளாஸ்மாவின் சிறப்பு வீணான ஆடம்பரம் அன்று என்பதற்கு இன்றைய கடைகளே சான்று. இப்போது உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ‘ஓஎல்இடி’ தொலைக்காட்சிகளைப் பாருங்கள். அவற்றிலும் பின்விளக்கு இல்லை. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. ‘முழுமையான கறுப்பு’ என்பதே அவற்றின் முக்கிய விளம்பரம். எல்சிடி திரைகளும் சும்மா இருக்கவில்லை. பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதிகளில் மட்டும் ஒளியைக் குறைக்கும் முறை அவற்றில் வந்துவிட்டது. பிளாஸ்மா மறைந்தது, ஆனால், அது காட்டிய கறுப்பை எட்டவே மற்ற திரைகள் முயன்று வந்துள்ளன.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் சொந்தமாகச் சம்பாதித்துப் பொருள்களை வாங்குவீர்கள். இப்போதே கைப்பேசி, மடிக்கணினி, காதொலிக்கருவி என்று பலவற்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதை நான் எங்கே, எதற்காகப் பயன்படுத்தப் போகிறேன்? கடையில் எனக்குக் காட்டப்படுவது அந்தப் பயன்பாட்டைத்தானா? இப்போது என்னிடம் இருப்பது உண்மையிலேயே போதவில்லையா? “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்ற பழமொழி நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று, கடைக்கும் பொருந்தும்.

மாமா தம் தொலைக்காட்சியை அது பழுதாகும்வரை பயன்படுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த, செய்தியைச் சிறிய வானொலியில் கேட்டுவிட்டு, இரவில் திரைப்படத்திற்கு மட்டும் அதைப் போடுகிறார். அவருக்கு அது சரியான முடிவு.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சென்ற மாதம் பழுதானது. என் மகனுடன் கடைக்குச் சென்றேன். விற்பனையாளர் மிகவும் பளிச்சென்று மின்னிய ஒரு திரையின் முன்னால் எங்களை நிறுத்தினார். என் மகன் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இதில் ஓர் இரவுக் காட்சியைக் காட்ட முடியுமா? ஒளியையும் வீட்டில் வைப்பதுபோல் குறைத்துக் காட்டுங்கள்” என்று பணிவுடன் கேட்டான். நான்கு திரைகளை அவ்வாறு பார்த்தோம். இறுதியில் ஓர் எல்சிடி தொலைக்காட்சியையே வாங்கினோம். எங்கள் வரவேற்பறையில் மாலை வெயில் நேராக விழும். எங்கள் வீட்டிற்கு அதுவே பொருத்தம். பழைய தொலைக்காட்சியை மறுபயனீட்டிற்காகக் கடைக்காரர்களிடமே ஒப்படைத்தோம். புதியதைப் பொருத்த வந்தவர்கள் சென்ற பிறகு, என் மகன் எழுந்து சென்று வரவேற்பறை விளக்கை அணைத்தான்.